பழைய காருக்கு அசிட்டால் சஸ்பென்ஷன் புஷ்: நாமே கடைந்து பொருத்தும் முறை

பழைய காரில் ரப்பர் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் போல்ட்டில் மாட்டும் இடத்தில் இருக்கும் உருளை) வெடித்துவிட்டது, புதியது எங்கும் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் பல வருடம் அலமாரியில் கிடந்து இறுகிப்போன ரப்பராக இருக்கிறது. லேத்தில் கொஞ்சம் பழக்கம், ஒரு மைக்ரோமீட்டர், அசிட்டால் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் அரை மீட்டர் ராடு இவ்வளவும் இருந்தால் அந்தப் புஷ்ஷை நாமே செய்துகொள்ளலாம். ஆனால் ரப்பர் புஷ்ஷின் வடிவத்தை அப்படியே பிளாஸ்டிக்கில் கடைந்து அடித்து ஏற்றினால் அது சில வாரம்கூடத் தாங்காது.

ஏனென்றால் இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. ரப்பர் புஷ்ஷில் உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு இரும்பு உறை, நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது எதுவும் எதன் மீதும் உரசுவதில்லை. ரப்பர் முறுக்கிக்கொண்டு, பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. பிளாஸ்டிக் அப்படி முறுக்கிக்கொள்ளாது. உள்ளே இருக்கும் ஸ்லீவை, அதாவது இரும்புக் குழாயை, போல்ட் இறுக்கி காரின் பிராக்கெட்டோடு அசையாமல் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக், ஆர்மோடு சேர்ந்து அந்த ஸ்லீவைச் சுற்றிச் சுழலும். ஆக நாம் செய்யப்போவது ஒரு பேரிங். வழவழப்பான ஸ்லீவ், சரியான இடைவெளி, கிரீஸ் தங்க இடம், ஒரே அச்சில் மட்டும் அசைவு என்று ஒரு பேரிங்குக்கு என்னவெல்லாம் வேண்டுமோ அவ்வளவும் இதற்கும் வேண்டும். கீழே வரும் எல்லா அளவும் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

எந்த மூட்டுக்கு ஒத்துவரும், எதற்கு வராது

கதவுக் கீல் போல ஒரே அச்சில் ஆடும் மூட்டுகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். இரண்டு கால் பிரிந்து இரண்டு போல்ட்டில் தொங்கும் லோயர் ஆர்ம், அப்பர் ஆர்ம் ஆகியவை முதல் உதாரணம். வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்ட்டி ரோல் பாரைப் பிடிக்கும் கிளாம்ப் புஷ்ஷுக்கும் செய்யலாம்.

ஒத்துவராத இடங்களில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு) உள்ள பல கார்களில் லோயர் ஆர்ம் ஒரே போல்ட்டில் நிற்கும். முன்னும் பின்னும் போகாமல் அதை ஒரு டென்ஷன் ராடு பிடித்திருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த ராடின் முனை ஒரு கோணத்தில் சாய்ந்தாக வேண்டும். அங்கே இருபுறமும் கட்டியான பிளாஸ்டிக்கைப் போட்டால் சாய இடமில்லாமல் ராடே வளையும். ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து வளைந்து ஒருநாள் மரை தொடங்கும் இடத்தில் முறிந்துவிடும். பிரேக் பிடிக்கும் நேரத்தில் முறிந்தால் சக்கரம் பின்னால் ஓடிவிடும். அதனால் ராடுக்கு ரப்பரையே போடுங்கள். கட்டாயம் கெட்டியாக வேண்டுமென்றால் ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்டிக், மறுபக்கம் ரப்பர் என்று வைப்பதுண்டு.

பின் அச்சை நான்கு லிங்க் பிடித்திருக்க, மேல் இரண்டும் சாய்வாகப் போகும் அமைப்பிலும் இதே சிக்கல். கார் ஒரு பக்கம் சாயும்போது அந்த லிங்க்குகள் முறுக்கிக்கொள்ளும். ரப்பர் அந்த முறுக்கலை உள்வாங்கும், பிளாஸ்டிக் உள்வாங்காது. டார்ஷன் பீம் அச்சின் பெரிய புஷ், வேண்டுமென்றே உள்ளே வெற்றிடம் விட்டுச் செய்த புஷ், திரவம் நிரப்பிய புஷ் மூன்றையும் விட்டுவிடுங்கள். பட்டை ஸ்பிரிங்கின் கண்ணுக்கு (புஷ் உட்காரும் வளையத்துக்கு) போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அச்சு ஒரு பக்கம் ஏறும்போது பட்டையும் கொஞ்சம் முறுக்கும் என்பதால் அங்கே அசிட்டாலை நான் பரிந்துரைப்பதில்லை. அதைவிட மென்மையான பாலியூரித்தேனே அங்கே நல்லது.

ஒரு சிறு சோதனை: ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஆர்மை முழுத் தூரமும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பழைய புஷ்ஷின் உள் குழாய், ஆர்மின் கண்ணுக்கு எப்போதும் நேராகவே இருந்தால் செய்யலாம். எங்காவது ஒரு கோணத்தில் சாய்ந்தால் வேண்டாம்.

எந்தப் பிளாஸ்டிக்

அசிட்டால். டுபாண்ட் நிறுவனம் வைத்த டெல்ரின் என்ற வணிகப் பெயரில் பலரும் அறிந்தது இதுதான். நன்றாகக் கடையும், அளவு நிற்கும், இரும்பின் மீது குறைவாக உரசும், பெட்ரோலும் கிரீஸும் ஒன்றும் செய்யாது. நீரை எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே இழுக்கும். பேட்டரி அமிலம் மட்டும் பட விடக்கூடாது.

நைலான் சுலபமாகக் கிடைக்கும், வலுவும் உண்டு. ஆனால் முழுக்க ஊறினால் எடையில் 8 சதவீதம் வரை நீரை இழுத்து வீங்கும். வெயில் காலத்தில் சரியாகச் சுழன்ற புஷ் மழைக் காலத்தில் ஸ்லீவை இறுக்கிப் பிடித்துக்கொள்வது இதனால்தான். கறுப்போ வெள்ளையோ, பார்வைக்கு அசிட்டாலும் நைலானும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் தராசில் வைத்துப் பாருங்கள். 50 மி.மீ. விட்டம், 100 மி.மீ. நீளமுள்ள துண்டு அசிட்டால் என்றால் ஏறக்குறைய 278 கிராம் இருக்கும். நைலான் என்றால் 225 கிராம் அளவில் நிற்கும். 190 கிராமுக்குள் வந்தால் அது பாலிஎத்திலீன் வகை. தண்ணீரில் போட்டால் மிதக்கும். அதன் மிக அடர்த்தியான வகைகூட வழுக்குமே தவிர, சுமையில் மெல்ல மெல்ல நசுங்கும். டெஃப்லான் இன்னும் மோசமாக நசுங்கும். 3டி பிரிண்டரில் பி.எல்.ஏ. இழையில் அடித்த புஷ் 60 டிகிரியிலேயே இளகிவிடும் என்பதால் அதை அளவு பார்க்கும் மாதிரியாக மட்டும் பயன்படுத்தலாம்.

கண்ணாடி இழை கலந்த அசிட்டாலை வாங்காதீர்கள். அது வலுவானதுதான், ஆனால் ஸ்லீவை எமரி தாள் போலத் தேய்த்துவிடும். ராடைக் குறுக்கே வெட்டினால் நடுவில் சன்னமான துளைகள் தெரியலாம். ஹோமோபாலிமர் வகை ராடுகளில் இது சாதாரணம். நடுப்பகுதியை எப்படியும் துளைத்து எடுத்துவிடப் போகிறோம் என்பதால் நமக்குக் கவலையில்லை. நிறம் கறுப்பாக இருப்பது நல்லது, வெயிலை அது கூடுதலாகத் தாங்கும்.

பழையதைக் கழற்றுதல்

காரை ஜாக்கியில் மட்டும் நம்பி விடாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். காயில் ஸ்பிரிங் இருந்தால் கம்ப்ரஸர் போட்ட பிறகே ஆர்மைத் தொட வேண்டும். ஆர்ம் வெளியே வந்ததும் கண்ணைச் சுற்றி வெல்டிங் வெடிப்பு இருக்கிறதா, துரு அரித்துத் தகடு மெலிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் புஷ் வேலையை நிறுத்திவிட்டு ஆர்மைக் கவனியுங்கள். ரப்பர் வாங்கிக்கொண்டிருந்த அதிர்ச்சியெல்லாம் இனி உலோகத்துக்குத்தான் போகும்.

ரப்பரை எரித்து எடுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. வேண்டாம். புகை நச்சு, தீயின் சூடு ஆர்மின் வலுவையும் கெடுக்கலாம். 5 மி.மீ. டிரில்லால் ரப்பரைச் சுற்றிலும் துளையிட்டால் உள் குழாய் தானாகக் கழன்று வந்துவிடும். பிறகு வெளி உறை. ஹேக்சா பிளேடைக் கழற்றி, கண்ணுக்குள் நுழைத்து, மறுபடி மாட்டி, உறையை நீளவாக்கில் அறுங்கள். உறை பெரும்பாலும் 1.5 மி.மீ. தடிமன்தான். முழுவதும் அறுக்காமல் ஒரு மயிரிழை மிச்சம் விட்டு, உளியால் உள்பக்கம் மடக்கினால் போதும். பிளேடு ஆர்மைத் தொட்டுக் கீறிவிட்டால் அந்தக் கீறலிலிருந்துதான் பிற்காலத்தில் வெடிப்பு தொடங்கும்.

உள் குழாயைத் தூக்கி எறியாதீர்கள். அதன் நீளம்தான் நமக்கு மூல அளவு.

அளவெடுத்தல்

கண்ணை 180 எண் எமரி தாளால் துரு போகத் துடைத்து, உள்மைக்ரோமீட்டர் அல்லது டெலஸ்கோப் கேஜால் மூன்று ஆழங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் அளந்து ஆறு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். வெர்னியரை இந்த வேலைக்கு நம்ப முடியாது. ஆறும் 0.05 மி.மீ. வித்தியாசத்துக்குள் இருந்தால் நல்ல கண். 0.10-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பெரிய அளவை எடுத்துக்கொண்டு கடையலாம்; 0.25-ஐத் தாண்டினால் கண்ணையே போரிங் செய்து வட்டமாக்க வேண்டும். காரில் நான்கு கண் இருந்தால் நான்கையும் தனித்தனியாக அளந்து எண் போடுங்கள். பழைய கார்களில் நான்கும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம்.

இதோடு கண்ணின் அகலம், பழைய உள் குழாயின் நீளம், போல்ட்டின் விட்டம், பிராக்கெட்டின் உள்ளே ஃபிளாஞ்ச் சுழல எவ்வளவு இடம் உண்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு போகலாம். கண்ணின் விட்டம் 36.00, அகலம் 44.0, பழைய குழாயின் நீளம் 52.2, போல்ட் எம்12. எல்லாம் மில்லிமீட்டரில்.

புஷ்ஷை இரண்டு பாதியாகச் செய்கிறோம். ஒவ்வொரு பாதியும் ஒரு தொப்பி போல: கண்ணுக்குள் போகும் உருளை, வெளியே நிற்கும் ஃபிளாஞ்ச். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்றாக உள்ளே போகும்.

ஸ்லீவின் வெளி விட்டம் 20.00. உருளையின் வெளி விட்டம் 36.10, அதாவது கண்ணைவிட 0.10 அதிகம். இந்த இறுக்கம்தான் புஷ்ஷைக் கண்ணுக்குள் சுழலாமல் பிடிக்கும். பசை எதையும் நம்ப வேண்டாம், அசிட்டாலில் அது ஒட்டாது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, பலருடைய முதல் புஷ் இதில்தான் கெடுகிறது. வெளியே 0.10 அமுக்கி ஏற்றினால் உள்துளையும் ஏறக்குறைய அதே 0.10 சுருங்கும். இந்தச் சுவர்த் தடிமனுக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்றாகவே வருகிறது. எனவே ஏற்றிய பிறகு 20.10 வேண்டுமென்றால் கடையும்போது 20.20 வைக்க வேண்டும். கையில் வைத்துப் பார்க்கும்போது ஸ்லீவ் லூஸாக ஆடுவதைக் கண்டு பயந்து துளையைச் சிறிதாக்கிவிடாதீர்கள்.

ஏற்றிய பிறகு இடைவெளி ஏன் 0.10? அசிட்டால் வெப்பத்தில் இரும்பைப் போல ஒன்பது மடங்கு விரியும். வெளியே இரும்புக் கண் தடுப்பதால் அது உள்பக்கம்தான் விரிய முடியும். வெப்பநிலை 30 டிகிரி ஏறினால் இந்த அளவுள்ள புஷ்ஷில் சுமார் 0.05 இடைவெளி காணாமல் போகும். மீதி 0.05 இருந்தால் சுழலும். எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் புஷ் என்றால் இடைவெளியை 0.15 ஆக்குங்கள், நடுவே ஒரு தகட்டுத் தடுப்பும் வையுங்கள்.

நீளவாக்கில்: ஸ்லீவ் 52.2, கண் 44.0. ஃபிளாஞ்ச் ஒவ்வொன்றும் 4.00 வைத்தால் மொத்தம் 52.0. ஸ்லீவ் இரு பக்கமும் சேர்த்து 0.2 வெளியே நீட்டி நிற்கும். போல்ட்டை இறுக்கும்போது பிராக்கெட் ஸ்லீவைத்தான் நசுக்க வேண்டும், பிளாஸ்டிக்கை அல்ல. ஒவ்வொரு உருளையின் நீளமும் 21.5 இருந்தால் உள்ளே இரண்டும் முட்டாமல் நடுவில் 1 மி.மீ. இடம் கிடைக்கும். அது கிரீஸ் தேங்கும் தொட்டியும் ஆகும். ஃபிளாஞ்சின் விட்டம் 46.

ஸ்லீவ்

பிளாஸ்டிக்கைவிட இதில் கூடுதல் கவனம் வேண்டும். எம்12, 8.8 தர போல்ட்டை முறையாக இறுக்கினால் ஸ்லீவின் மீது சுமார் 38 கிலோநியூட்டன் விசை ஏறும். வெளி விட்டம் 20, உள் துளை 12.1 உள்ள ஸ்லீவின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 199 சதுர மி.மீ., அழுத்தம் 190 மெகாபாஸ்கலைத் தொட்டுவிடும். சாதாரண மைல்ட் ஸ்டீல் 250-ல் விட்டுக்கொடுக்கத் தொடங்கும் என்பதால் இது தாங்கும், ஆனால் அதிக மிச்சம் இல்லை. ஸ்லீவ் சுவரை இதைவிட மெலிதாக்காதீர்கள், மெல்லிய அலுமினியக் குழாயும் வேண்டாம். ஸ்லீவ் நசுங்கினால் அந்த 0.2 மறைந்துவிடும், புஷ் சிக்கிக்கொள்ளும்.

கோல்ட் டிரான் ராடையோ, கிரைண்ட் செய்து மெருகேற்றிய ராடையோ வாங்கிச் செய்யலாம். வெளிப்பக்கத்தைக் கடைந்தபின் 400, பிறகு 800 எண் எமரி தாளில் எண்ணெய் விட்டு மெருகேற்றுங்கள். நகத்தால் தடவினால் கடைசல் வரி தட்டுப்படக் கூடாது. இரண்டு முகங்களும் அச்சுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். துளையிட்ட அதே பிடிப்பில் ஒரு முகத்தைச் சீவி, மறுமுகத்தை மாண்ட்ரலில் (துளைக்குள் நுழைத்துப் பிடிக்கும் தண்டில்) ஏற்றிச் சீவுங்கள். சாய்ந்த முகம் போல்ட்டை வளைத்து இறுக்கும். ரப்பர் ஒட்டியிருந்த பழைய குழாயைத் தேய்த்துச் சரிசெய்யப் பார்ப்பது பெரும்பாலும் வீண் வேலை, மேற்பரப்பு குழி குழியாக இருக்கும்.

கடைசல்

நான்கு கண்ணுக்கு எட்டுப் பாதிகள். ஒவ்வொன்றுக்கும் வெட்டும் இடத்தைச் சேர்த்து 30 மி.மீ., மொத்தம் 240. சக்கில் பிடிக்க 40 தேவை. ஒன்றிரண்டு கெட்டுப்போகும் என்று வைத்துக்கொண்டு 50 மி.மீ. விட்டத்தில் 400 மி.மீ. ராடு வாங்குங்கள்.

டூல் கூர்மையாக இருக்க வேண்டும் என்று சொல்வது போதாது: புதிதாகத் தீட்டி, எண்ணெய்க் கல்லில் இழைத்த ஹெச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீட் ஸ்டீல்) டூல், அல்லது அலுமினியத்துக்கென்று வரும் பளபளப்பான கார்பைடு முனை வேண்டும். இரும்பு கடைந்த முனையை இதற்குப் போட்டால் வெட்டாமல் அமுக்கித் தள்ளும், பொருள் சூடாகும், அளவு பொய் சொல்லும். கீழ்ப்பக்க ஒதுக்கக் கோணம் 10 முதல் 15 டிகிரி இருக்கட்டும். நிமிடத்துக்கு 1000 முதல் 1200 சுற்று. ஒரு சுற்றுக்கு 0.15 மி.மீ. நகர்வு, கடைசி வெட்டுக்கு 0.08. குளிரூட்டும் நீர் தேவையில்லை. காற்று ஊதினால் போதும்.

சீவல் நாடா போல முடிவில்லாமல் வந்து சக்கைச் சுற்றிக்கொள்ளும். கையால் இழுக்கவே கூடாது. லேத்தை நிறுத்திவிட்டு எடுங்கள். அந்தச் சீவலைக் கிரைண்டர் பொறி விழும் இடத்தில் குவித்து வைக்காதீர்கள். அசிட்டால் எரியும்போது சுடர் வெளிறிய நீலமாக, வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அதிகம் சூடானால் ஃபார்மால்டிஹைடு வாயுவும் வரும். கண் எரிந்தால் டூல் மழுங்கிவிட்டது என்று அர்த்தம்.

1. ராடை 35 மி.மீ. வெளியே விட்டுப் பிடித்து முகத்தைச் சீவுங்கள். சென்டர் டிரில், 8 மி.மீ. டிரில், பிறகு 18 மி.மீ. டிரில், ஆழம் 30. பெரிய டிரில் தன்னாலேயே உள்ளே திருகிக்கொண்டு ஓடப் பார்க்கும். அதன் வெட்டு விளிம்பை முன்பே எண்ணெய்க் கல்லில் லேசாகத் தட்டையாக்கிவிட்டால் அந்த வேகம் அடங்கும். அடிக்கடி வெளியே இழுத்துச் சீவலைத் தட்டுங்கள்.

2. உருளையை 37 மி.மீ. விட்டத்துக்கும், ஃபிளாஞ்சை 46.5-க்கும், துளையை 19-க்கும் முரட்டுக் கடைசல் செய்து, மொத்த நீளம் 26.5 வைத்து வெட்டி எடுங்கள். எட்டையும் இதுவரை முடித்துவிட்டு ஒரு இரவு விட்டுவிடுங்கள். ராடுக்குள் இருந்த இறுக்கம் தளர்ந்து பொருள் கொஞ்சம் அசையும். அன்றே முடித்தால் அந்த அசைவு கடைசி அளவில் போய் விழும்.

3. மறுநாள், சக்கின் மென்தாடையை (கடைந்து அளவாக்கக்கூடிய மென்மையான தாடையை) 46.5-க்குப் போரிங் செய்து ஃபிளாஞ்சில் பிடியுங்கள். சாதாரண மூன்று தாடைச் சக்கில் இறுக்கிப் பிடித்துத் துளையிட்டால், தாடையைத் தளர்த்தியதும் துளை மூன்று மூலையுள்ள வட்டமாகிவிடும். கை அழுத்தத்துக்குச் சற்று மேல் இறுக்கினால் போதும்.

4. இந்த ஒரே பிடிப்பில் நான்கும் முடிய வேண்டும்: வெளி விட்டம் 36.10, துளை 20.20, உருளையின் நீளம் 21.5, ஃபிளாஞ்சின் உள்முகம். அப்போதுதான் எல்லாம் ஒரே அச்சில் நிற்கும். கடைசி வெட்டு ஆரத்தில் 0.1-க்குக் குறையக் கூடாது. அதைவிடக் குறைத்தால் டூல் வெட்டாமல் தேய்க்கும். உருளையும் ஃபிளாஞ்சும் சேரும் மூலையில் 0.5 ஆரமுள்ள வளைவு விடுங்கள். கூர் மூலையில்தான் ஃபிளாஞ்ச் பிய்ந்து வரும். அந்த வளைவுக்கு இடம் கொடுக்க ஆர்மின் கண் விளிம்பையும் 1 மி.மீ. சரித்துவிடுங்கள். உருளையின் முன்முனையில் 2 மி.மீ. நீளத்துக்குச் சரிவு.

5. அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஆற விடுங்கள். சூட்டோடு அளந்த துளை ஆறியதும் சிறுக்கும்.

6. அதே பிடிப்பிலேயே கிரீஸ் தடங்கள். போரிங் பாரில் 2 மி.மீ. உருண்டை முனையைப் பக்கவாட்டில் வைத்து, ஸ்பிண்டிலைப் பூட்டிவிட்டு, கேரியேஜைக் கையால் முன்னும் பின்னும் ஓட்டி, தடவைக்கு 0.2 வீதம் 1 மி.மீ. ஆழம் வரை சீவுங்கள். மூன்று தடம் போதும். சக்கின் ஒவ்வொரு தாடைக்கும் அடியில் ஒரே கட்டையை முட்டுக் கொடுத்தால் 120 டிகிரி தானாகக் கிடைக்கும். ஃபிளாஞ்சின் வெளிமுகத்துக்கு 3 மி.மீ. முன்பே தடத்தை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கிரீஸ் வெளியேறி அழுக்கு உள்ளே வரும். சுழலும் திசையிலேயே போகும் வளையத் தடம் பிரயோஜனமில்லை. அதிலிருக்கும் கிரீஸ் பக்கத்துக்குப் பரவாது.

7. திருப்பி, துளையில் மாண்ட்ரல் ஏற்றி ஃபிளாஞ்சை 4.00-க்கும் விட்டம் 46-க்கும் முடியுங்கள். வெளிமுகத்தில் அரத்தால் மூன்று மெல்லிய கீறல் போடுங்கள், விளிம்பு வரை போகாமல்.

பொருத்துதல்

சுத்தியல் வேண்டாம். முடிந்த புஷ்களை இரவு முழுக்க ஃபிரீசரில் வையுங்கள். 30 டிகிரியிலிருந்து கழித்தல் 18-க்குப் போனால் 36 மி.மீ. விட்டம் சுமார் 0.19 சுருங்கும். நம் இறுக்கம் 0.10-தான். வெளியே எடுத்ததும் ஓரிரு நிமிடத்துக்குள் கையாலேயே உள்ளே போய்விடும். நேராகப் பிடித்து, ஃபிளாஞ்ச் கண்ணோடு ஒட்டும்வரை தள்ளி, அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு நீளப் போல்ட்டும் இரண்டு வாஷரும் போட்டுப் பிடித்து வையுங்கள். மேலே படியும் ஈரத்தைத் துடையுங்கள்.

அறைச் சூட்டுக்கு வந்ததும் துளையை அளங்கள். 20.08 முதல் 20.12 வரை இருந்தால் சரி. சிறியதாக இருந்தால் அட்ஜஸ்டபிள் ரீமரை இரண்டு பாதிகளின் வழியாகவும் ஒரே ஓட்டமாக விட்டு எடுங்கள். ஒரு பாதியை மட்டும் ரீமர் செய்தால் இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. பிறகு ஸ்லீவை உள்ளே விட்டு ஃபிளாஞ்ச் முகத்தில் ஒரு நேர்விளிம்பு ஸ்கேலை வையுங்கள்: ஸ்லீவ்தான் முதலில் தட்டுப்பட வேண்டும்.

கிரீஸ்: நீரில் கழுவிப்போகாத, இரண்டாம் எண் கெட்டித்தன்மையுள்ள லித்தியம் காம்ப்ளெக்ஸ் அல்லது கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ். தடங்களையும் நடு இடைவெளியையும் நிரப்பி, ஃபிளாஞ்சின் முகத்திலும் தடவுங்கள். கிரீஸ் நிப்பிள் வைக்க ஆசைப்படுபவர்கள், கண் தடிமனான வார்ப்பு அல்லது ஃபோர்ஜிங்காக இருந்தால் மட்டும் எம்6 துளை போடலாம், அதுவும் நடு இடைவெளிக்கு நேராக. தகட்டை அழுத்திச் செய்த ஆர்மில் துளையிடாதீர்கள்.

காரில் எல்லாவற்றையும் முழுதாக மாட்டுவதற்கு முன் கடைசிச் சோதனை. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இல்லாமல் ஆர்மை மாட்டி, புதிய லாக் நட்டுகளைப் போட்டு, காரின் கையேட்டில் உள்ள டார்க்கில் (இறுக்கும் முறுக்கு அளவில்) இறுக்குங்கள். ஆர்மைத் தூக்கி விட்டால் தன் எடையிலேயே கீழே இறங்க வேண்டும். போல்ட் லூஸாக இருக்கும்போது இறங்கி, இறுக்கியதும் நின்றால் ஸ்லீவ் நீளம் போதவில்லை. ஃபிளாஞ்ச் பிராக்கெட்டில் உரசுகிறது. லூஸாக இருக்கும்போதே சிக்கினால் துளை இறுக்கம். ஒவ்வொரு கண்ணாக மாட்டினால் சுழன்று, இரண்டையும் மாட்டினால் சிக்கினால் இரண்டு கண்ணும் ஒரே நேர்கோட்டில் இல்லை. ஆர்ம் வளைந்திருக்கலாம், அல்லது பிராக்கெட் நகர்ந்திருக்கலாம். துளையைப் பெரிதாக்கி அதை மறைக்கப் பார்க்காதீர்கள்.

ரப்பர் புஷ்ஷைப் போல, காரைத் தரையில் நிறுத்திய பிறகுதான் இறுக்க வேண்டும் என்ற கட்டாயம் இதற்கில்லை. ஆனால் அதே காரில் வேறு மூட்டுகளில் ரப்பர் இருந்தால் அவற்றைக் கார் தன் உயரத்தில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும்.

ஓட்டத் தொடங்கிய பிறகு

கார் சில மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றால் பயப்பட வேண்டாம். ரப்பரின் முறுக்கலும் இவ்வளவு நாள் ஸ்பிரிங்குக்குத் துணையாக இருந்தது, இப்போது அது இல்லை. இதனாலேயே வீல் அலைன்மென்ட் கட்டாயம் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் உடனடியாகப் பதில் சொல்லும், பிரேக்கில் சக்கரம் ஒதுங்காது. கூடவே சாலையின் இரைச்சலும் கூடுதலாக உள்ளே வரும்.

கீச்சென்று சத்தம் வந்தால் கிரீஸ் வற்றியிருக்கிறது, அல்லது தூசி போயிருக்கிறது. குழியில் இறங்கும்போது மட்டும் டொக்கென்று தட்டினால் துளையில் இடைவெளி அதிகம். பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் தட்டினால் முதலில் ஃபிளாஞ்சுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள், 0.3-க்கு மேல் போனால் ஃபிளாஞ்ச் தேய்ந்துவிட்டது.

100 கிலோமீட்டரில் போல்ட் டார்க்கைச் சரிபாருங்கள். 1000 கிலோமீட்டரில் ஏதாவது ஒரு கண்ணை மட்டும் கழற்றிப் பார்ப்பது நல்லது. ஸ்லீவின் நடுவே சீராக மெருகேறியிருந்தால் எல்லாம் ஒழுங்கு. ஒரு முனையின் மேல்பக்கத்திலும் எதிர்முனையின் கீழ்பக்கத்திலும் மட்டும் பளபளத்தால் கண்கள் நேராக இல்லை. ஸ்லீவின் முகத்திலும் பிராக்கெட்டின் உள்ளேயும் வட்ட வட்டமாகக் கீறல் இருந்தால் சுழல்வது பிளாஸ்டிக் அல்ல, ஸ்லீவ். அப்படியே ஓட்டினால் பிராக்கெட்டின் துளை நீள்வட்டமாகி போல்ட் முறியும், ஆகவே ஸ்லீவை அளந்து, தேவைப்பட்டால் 0.1 நீளமாகப் புதிதாகக் கடைந்து, புது நட்டோடு மறுபடி இறுக்குங்கள். பிளாஸ்டிக்கின் வெளிப்பக்கத்தில் துருத் தூள் ஒட்டிச் சுற்றுவரி தெரிந்தால் புஷ் கண்ணுக்குள் சுழல்கிறது. அடுத்த புஷ்ஷின் வெளி விட்டத்தை 0.05 கூட்டுங்கள், கூடவே துளையையும் 0.05 கூட்ட மறக்காதீர்கள். நிப்பிள் இல்லாத புஷ்ஷை 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, தண்ணீர் தேங்கும் சாலையில் ஓடும் கார் என்றால் 5,000-த்துக்கு ஒருமுறை, கழற்றித் துடைத்துப் புதிய கிரீஸ் போட வேண்டும்.